அடிச்சட்டமும் பதிவுப் புத்தகமும்: பழைய ஜீப் ஒன்றைத் தேடி வாங்கியது பற்றி

கொழும்பில் இருந்துகொண்டு மலைநாட்டின் கரடுமுரடான பாதைகளிலும் வன்னியின் குளக்கட்டுகளிலும் ஓடக்கூடிய நான்கு சில்லு இயக்க வாகனம் ஒன்றைத் தேடுகிறவர், பெரும்பாலும் பழைய வாகனத்தைத்தான் தேடவேண்டியவராக இருக்கிறார். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. திறக்கப்பட்ட பின்னரும் வரிச்சுமை காரணமாகப் புதிய வாகனத்தின் விலை சம்பளத்தை நம்பி வாழ்கிறவர்களுக்கு எட்டுவதாக இல்லை. இடைப்பட்ட ஆண்டுகளில், வேறெந்த நாட்டிலும் உதிரிப்பாகங்களுக்காகப் பிரித்தெடுக்கப்பட்டிருக்கக்கூடிய வாகனங்கள்கூட இங்கே பூச்சுப் பூசப்பட்டு, இருக்கை உறை மாற்றப்பட்டு, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிக்கொண்டே இருந்தன. ஆகவே இன்று சந்தையில் நிற்கும் ஒரு பழைய ஜீப்பின் பளபளப்பு அதன் உண்மையான நிலையைப் பற்றி எதையும் சொல்வதில்லை. நான் பல மாதங்கள் தேடிய பின்னரே ஒன்றை வாங்கினேன். அந்தத் தேடலில் எனக்கு உறுதியாகிப்போன கருத்து ஒன்று உண்டு: எஞ்சினைத் திருத்தலாம், கியர்ப்பெட்டியை மாற்றலாம், ஆனால் கறள் தின்ற அடிச்சட்டத்தையும் கோளாறான பதிவுப் புத்தகத்தையும் எந்தக் கராஜிலும் திருத்த முடியாது. வாங்குகிறவர்கள் அநேகமாக இதற்கு நேர்மாறான ஒழுங்கில்தான் பார்க்கிறார்கள். முதலில் எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார்கள், கடைசியில்தான் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள்.

வாகனத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னர், எந்தப் பாதைகளில் போகப்போகிறோம் என்பதை யோசிக்க வேண்டும். ஹுன்னஸ்கிரியவில் பிரதான வீதியை விட்டுத் திரும்பி, கோபெட் கணவாயைக் கடந்து மீமுரேக்கு இறங்கும் நக்கிள்ஸ் மலைப்பாதையில் தேவைப்படுவது ஒடுக்கமான உடலும் நல்ல பிரேக்கும் குறைந்த வேகக் கியரும். ஒஹியவிலிருந்து பம்பரகந்த நீர்வீழ்ச்சிப் பக்கமாகக் கலுபஹனவுக்கு இறங்கும், டெவில்ஸ் ஸ்டெயார்கேஸ் என்று எல்லோரும் அழைக்கும் பாதையில் இவற்றோடு நிலத்திலிருந்து போதிய உயரமும் வேண்டும். தலைமன்னார்ப் பக்கத்து மணலில் எடை குறைந்த வாகனமும் காற்றைக் குறைத்துவிடக்கூடிய அகன்ற ரயர்களும் உதவும். கார்த்திகை, மார்கழி மழையில் முல்லைத்தீவு மாவட்டத்தின் உள்வீதிகள் களியாகும்போது ரயரின் வெட்டுத்தான் முக்கியம். இவற்றில் எதற்குமே பெரிய குதிரைவலு தேவையில்லை. விளம்பரங்களிலோ வலுவைப் பற்றித்தான் அதிகம் பேசப்படுகிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நான்கு சில்லு இயக்கம் என்பது மோசமான பாதையைக் கடப்பதற்கான வசதி. பாதையை விட்டு விலகுவதற்கான உரிமையாக அதை எடுத்துக்கொள்ளக்கூடாது. தேசியப் பூங்காக்களில் குறித்த பாதைகளை விட்டு வெளியேற அனுமதி கிடையாது. நக்கிள்ஸ், ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடுகள் ஆகியவை 2010இல் உலக மரபுரிமைத் தலமாகப் பட்டியலிடப்பட்டவை. அங்கே புல்வெளியில் பதியும் ஒரு சில்லுத்தடம் அடுத்த மழையில் நீரோடும் வாய்க்காலாகிவிடும். வடக்கில் காரணம் இன்னும் கடுமையானது. முகமாலை போன்ற இடங்களில் மிதிவெடி அகற்றும் பணி போர் முடிந்து ஒரு தசாப்தத்துக்கும் மேலாகத் தொடர்ந்தது. அங்கே மக்கள் நாளாந்தம் பயன்படுத்தும் தடத்தை விட்டு, குறுக்கே ஒரு பனங்கூடலுக்குள் வாகனத்தை விடுவது வீரமான செயல் ஆகாது. சிவப்பு எச்சரிக்கைப் பலகைகள் பற்றைக்குள் மறைந்தும் போயிருக்கலாம்.

பாதை தெரிந்துவிட்டால் வாகனத்தின் வகை பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். ஜீப் என்ற தலைப்பில் விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பகுதி உண்மையில் சற்று உயரமான கார்கள். அவற்றிற் சில நான்கு சில்லுகளுக்கும் வலுவை அனுப்பக்கூடியவையாக இருந்தாலும், குறைந்த வேகக் கியர்த்தொகுதி அவற்றில் இல்லை. செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கும் கனமான வாகனத்தில் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். குறைந்த வேகக் கியரில் எஞ்சினே வாகனத்தைப் பிடித்து வைத்திருக்கும். லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் உள்ள எல்டி230 என்ற ட்ரான்ஸ்ஃபர் பெட்டி (கியர்ப்பெட்டியிலிருந்து வரும் வலுவை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பிரித்து அனுப்புவது), குறைந்த நிலையில் சுழற்சியை 3.32 மடங்கு குறைக்கிறது. இதனால்தான் அது நடைவேகத்திலும் எஞ்சின் நின்றுவிடாமல் ஏறுகிறது.

அடுத்த வேறுபாடு இயக்கத்தின் முறை. பழைய மிட்சுபிஷி ஜீப், சுசுகி ஜிம்னி, பெரும்பாலான டபிள் கெப் வாகனங்கள் ஆகியவற்றில் முன்னச்சும் பின்னச்சும் இறுக்கமாகப் பூட்டப்படும்; அவை வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுக்கும் டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி நடுவில் இல்லை. வளைவில் திரும்பும்போது முன்சில்லுகள் பின்சில்லுகளைவிட நீண்ட தூரம் ஓடுகின்றன; சரளையிலும் சேற்றிலும் அந்த வேறுபாடு சறுக்கிச் சரியாகிவிடும், உலர்ந்த தார் வீதியிலோ அது முழுவதும் பல்சக்கரங்களின் மேல் முறுக்காக ஏறும். முன்னைய உரிமையாளர் மழைக்குப் பாதுகாப்பு என்று நினைத்துக் கொழும்பு வீதிகளிலேயே நான்கு சில்லு நிலையில் ஓட்டியிருந்தால், அந்தத் தேய்மானம் ட்ரான்ஸ்ஃபர் பெட்டியில் இருக்கும். 1991இல் வந்த இரண்டாம் தலைமுறைப் பஜெரோவின் சூப்பர் செலக்ட் முறையில் நடு டிஃபரென்ஷியல் உண்டு என்பதால் தார் வீதியிலும் நான்கு சில்லில் ஓடலாம். டிஃபெண்டர் எப்போதும் நான்கு சில்லில்தான் ஓடும். விற்பவரிடம், "இதை எப்போதெல்லாம் நான்கு சில்லில் போடுவீர்கள்?" என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். விடையிலிருந்து அவர் வாகனத்தை அறிந்து வைத்திருக்கிறாரா என்பது தெரிந்துவிடும். "ஒருநாளும் போட்டதில்லை" என்பதும் நல்ல விடை அல்ல. நெடுங்காலம் அசையாத நெம்புகோலும் பூட்டும் இறுகிப்போய் இருக்கக்கூடும்.

எங்கள் வீட்டில் பஜெரோதான் முதலில் பேசப்பட்டது, ஏனெனில் அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நீண்ட தூரம் போவதற்கு அதைப்போல் வசதியானது குறைவு. ஆனால் பஜெரோக்கள் பலவற்றில் உள்ள 4டி56 டீசல் எஞ்சினில் டைமிங் பெல்ட்டோடு சமநிலைத் தண்டுகளுக்கான இரண்டாவது பெல்ட் ஒன்றும் உண்டு. அந்தச் சிறியது அறுந்து பெரியதில் சிக்கினால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதிக்கொள்ளும். அது எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு நான் பார்த்த எவரிடமும் பற்றுச்சீட்டு இருக்கவில்லை. 4டிஆர்5 எஞ்சின் பூட்டிய மிட்சுபிஷி ஜீப்பின் மேல் எனக்கு இன்றும் மிகுந்த மதிப்பு உண்டு. 2,659 கன சென்டிமீற்றர் கொண்ட அந்த எஞ்சினை இலங்கையில் திருத்தத் தெரியாத பாஸ் இல்லை எனலாம். தோட்டங்களில் அவை தலைமுறை கடந்து உழைத்திருக்கின்றன. எனினும் கொழும்பிலிருந்து மன்னார்வரை அதில் அமர்ந்து போவதற்கு இளமையான முதுகெலும்பு வேண்டும். லேண்ட் ரோவர்களில் பலவற்றில் மூல எஞ்சின் கழற்றப்பட்டு ஜப்பானிய டீசல் எஞ்சின் பூட்டப்பட்டிருக்கிறது. வேலை நன்றாகச் செய்யப்பட்டிருந்தால் அதில் குறையில்லை, புத்தகத்தில் அது பதியப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி.

இனி அடிச்சட்டத்துக்கு வருகிறேன். பல ஆண்டுகளாக எங்கள் குடும்பத்து வாகனங்களைப் பார்த்துவரும் தெமட்டகொடைக் கராஜ்காரர், நான் ஜீப் தேடுவதாகச் சொன்னபோது கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, எஞ்சின் பழுதெண்டால் பஞ்சிகாவத்தையில இன்னொண்டு எடுக்கலாம். செசி உக்கியிருந்தால் அதுக்கு மாற்று இல்லை. முதலில அதைப் பாருங்கோ." பஞ்சிகாவத்தை கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் இடம். அதன்பின் எந்த வாகனத்தைப் பார்க்கப் போனாலும், விற்பவரின் சம்மதத்தோடு அருகிலுள்ள சேர்விஸ் நிலையத்தின் ஹொயிஸ்டில் ஏற்றிப் பார்ப்பதை நான் கட்டாயமாக்கிக்கொண்டேன். சம்மதிக்காதவரின் வாகனத்தை மேலும் பார்க்க வேண்டிய தேவை இல்லை.

எங்கள் நாட்டில் கறளுக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது கடற்காற்று. வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கடற்கரைப் பக்க ஒழுங்கைகளில் குடியிருப்பவர்களுக்குச் சாளரக் கம்பிகளின் கதி தெரியும். அதே காற்றில் இரவும் பகலும் நிற்கும் வாகனத்தின் அடிச்சட்டமும் அந்த வழியே போகும். இரண்டாவது, ஜப்பானிலிருந்தே வந்த கறள்: பனிப்பிரதேசங்களில் வீதியில் உப்புத் தூவப்படுவதால், அங்கே ஓடிய வாகனங்கள் இறக்குமதியாகும்போதே அடியில் கறளோடு வந்தன. மூன்றாவது வெள்ளம். 2016 மே மாதத்தில் களனி ஆறு பெருகிக் கொலன்னாவை, கடுவலைப் பகுதிகள் நீரில் நின்றன; 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின் போதும் அதே ஆற்றங்கரைகள் மூழ்கின. மூழ்கிய வாகனங்கள் அனைத்தும் உடைத்துப் போடப்படுவதில்லை. இருக்கைப் பட்டியை முழுவதும் வெளியே இழுத்து அதன் அடிப்பகுதியில் சேற்றுக்கோடு இருக்கிறதா என்று பார்ப்பதும், கம்பளத்தைத் தூக்கி ஆணிகளின் தலைகளைப் பார்ப்பதும், ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால் உள்ள இணைப்புகளில் பச்சை படிந்திருக்கிறதா என்று பார்ப்பதும் சில நிமிட வேலைகள். புதுக் கம்பளமும் வாசனைத் திரவியமும் ஒன்றாக இருக்கும் பழைய வாகனத்தில் நான் இன்னும் கூடுதலான நேரம் செலவிட்டேன்.

ஹொயிஸ்டில் ஏற்றியபின் டோர்ச் விளக்கோடும் சிறிய சுத்தியலோடும் முன்னாலிருந்து பின்னால்வரை போக வேண்டும். நல்ல இரும்பு தட்டும்போது கணீரென்று ஒலிக்கும். உட்புறம் கறள் தின்ற இரும்பின் ஒலி மந்தமாக இருக்கும். ஸ்பிரிங் அமரும் இடங்கள், உடலை அடிச்சட்டத்தோடு பிணைக்கும் தாங்கிகள், ஸ்டியரிங் பெட்டி பூட்டப்பட்ட இடம், பின் குறுக்குச்சட்டம் ஆகிய இடங்களே முதலில் பலவீனமாகின்றன. டிஃபெண்டரின் உடல் அலுமினியம் என்பதால் வெளியே கறளே தெரியாது. அதன் அடிச்சட்டம் இரும்புதான், பின் குறுக்குச்சட்டம்தான் அநேகமாக முதலில் போகிறது. புதிதாகப் பூசப்பட்ட தடித்த கறுப்புத் தார்ப்பூச்சைக் கண்டால் மகிழ வேண்டாம். அது கறளைத் தடுப்பதற்காகப் பூசப்பட்டதா, கறளை மறைப்பதற்காகப் பூசப்பட்டதா என்பதைச் சுரண்டிப் பார்த்தால்தான் அறியலாம். தகடு வைத்து வெல்டிங் செய்த இடங்களை எண்ணிக்கொள்ளுங்கள். நீளவாக்கில் ஓடும் பிரதான சட்டத்தில் அப்படி ஒரு ஒட்டு இருந்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் நான் விலகிவிடுவேன். மீமுரே இறக்கத்தில் ஒருபக்கச் சில்லு பள்ளத்திலும் மறுபக்கச் சில்லு பாறையிலும் நிற்கும்போது, வாகனத்தின் முழு எடையும் முறுக்கேற்றுவது அந்தச் சட்டத்தைத்தான்.

பதிவுப் புத்தகத்தைப் பற்றி எழுதும்போது சற்றுக் கடுமையாக எழுதவேண்டியிருக்கிறது, ஏனெனில் இதில் ஏமாந்தவர்களின் பணம் திரும்பி வருவதில்லை. பழைய, பாவனையிலிருந்து ஒழிந்துபோன ஜீப் ஒன்றின் இலக்கத்தையும் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு, முறைகேடாகக் கொண்டுவரப்பட்ட வேறொரு வாகனத்தை அந்தப் பெயரில் ஓடவிடும் மோசடி இலங்கையில் நெடுங்காலமாக நடந்துவருகிறது. நான்கு சில்லு இயக்க வாகனங்களின் விலை காரணமாக அவையே இதற்கு அதிகம் இலக்காகின்றன. பிடிபடும்போது வாகனம் கைப்பற்றப்படும், நல்லெண்ணத்தோடு வாங்கியவர் நீதிமன்றப் படிகளில் நிற்பார். ஆகவே புத்தகத்தில் உள்ள அடிச்சட்ட இலக்கத்தை உங்கள் கண்ணாலேயே சட்டத்தில் தேடி வாசித்து ஒப்பிடுங்கள். எழுத்துகளின் அளவும் இடைவெளியும் ஒழுங்காக இருக்கின்றனவா, சுற்றியுள்ள இரும்பு அரைக்கப்பட்டு மீண்டும் பூசப்பட்டிருக்கிறதா, இலக்கம் உள்ள துண்டு மட்டும் தனியாக வெல்டிங் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் இலக்கமும் அவ்வாறே. 1980களின் உற்பத்தி ஆண்டு எழுதப்பட்ட புத்தகத்தோடு 1990களின் உடலமைப்பு நின்றால், விளக்கம் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் வீட்டுக்குத் திரும்பி வாருங்கள்.

புத்தகத்தில் இன்னொரு வரியும் உண்டு: முழு உரிமையாளர். லீசிங் முடியாத வாகனத்தில் அந்த இடத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். அந்த நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் உரிமை மாற்றம் நடக்காது. கையொப்பமிட்ட வெற்று மாற்றுப் படிவங்களோடு கைமாறும் "ஓப்பின் பேப்பர்" வாகனங்களை நான் முழுவதுமாகத் தவிர்த்தேன். புத்தகத்தில் பெயருள்ளவர் யார், அவர் உயிரோடு இருக்கிறாரா, நாட்டில் இருக்கிறாரா என்பதெல்லாம் தெரியாமல் இடைத்தரகர் ஒருவரின் சொல்லை நம்பிப் பணத்தைக் கொடுப்பது, தமிழர்களாகிய எங்களில் பலருக்கு உறவினர் வெளிநாட்டில் இருப்பதால் பழகிப்போன ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. மாமாவின் வாகனம், மாமா கனடாவில் என்று சொல்லப்பட்டால், சட்டப்படியான அற்றோர்னித் தத்துவத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கேட்பதில் அவமரியாதை எதுவும் இல்லை. நாரஹேன்பிட்டியிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வாகன இலக்கத்துக்குரிய பதிவு விபரங்களை முற்கூட்டியே பெற்றுக்கொள்ளலாம். வருமான அனுமதிப்பத்திரம் தொடர்ச்சியாக எடுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் கேளுங்கள். அதற்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் வேண்டும் என்பதால், நீண்ட இடைவெளி இருந்தால் வாகனம் எங்கோ பழுதாகிக் கிடந்திருக்கிறது என்று பொருள் கொள்ளலாம்.

இவ்விரண்டிலும் தேறிய வாகனத்துக்கு மட்டுமே எஞ்சின் பார்க்கப்பட வேண்டும். போவதற்கு முன் எஞ்சினைச் சூடாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, மூடியில் கைவைத்துப் பார்த்துவிட்டுக் குளிரிலேயே இயக்குங்கள். நீலப்புகை ஒயில் எரிவதையும், நிற்காத வெண்புகை குளிரூட்டி நீர் உள்ளே போவதையும் காட்டும். ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் புகை விசையோடு வெளியேறினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன. டிஃபரென்ஷியலின் ஒயில் பால்போல் வெளுத்திருந்தால் அந்த வாகனம் ஆழமான நீரில் இறக்கப்பட்டிருக்கிறது. மீற்றர் காட்டும் தூரத்துக்கு நான் எந்த மதிப்பும் கொடுப்பதில்லை. பெடல் ரப்பரும் ஸ்டியரிங்கும் ஓட்டுநர் இருக்கையின் விளிம்பும் கூடுதல் உண்மை சொல்லும். ரயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும் என்பதால், வெட்டு தேயாமல் இருக்கும் ரயர்கூடப் பத்து ஆண்டு பழையதாக இருக்கக்கூடும்.

உயர்த்தப்பட்ட ஸ்பிரிங், வின்ச் (சிக்கிய வாகனத்தை இழுத்தெடுக்கும் கம்பிவடச் சுருள்), ஸ்நோர்க்கல் (ஆழமான நீரில் எஞ்சினுக்குக் காற்றெடுக்கும் உயர்ந்த குழாய்), பெரிய ரயர்கள் என்று அலங்கரிக்கப்பட்ட வாகனங்களுக்குக் கூடுதல் விலை கேட்கிறார்கள். என் முடிவு எதிரானது: மாற்றம் எதுவும் செய்யப்படாததைத் தேடுங்கள். பெரிய ரயர் பிரேக்கையும் அச்சையும் கியரையும் வருத்துகிறது; உயர்த்தப்பட்ட ஸ்பிரிங், அச்சுகளுக்கு வலுவைக் கொண்டுசெல்லும் தண்டுகளின் கோணத்தை மாற்றுகிறது. அவற்றோடு, வின்ச் பூட்டியவர் அதைப் பயன்படுத்தும் இடங்களுக்கு வாகனத்தைக் கொண்டுபோயிருக்கிறார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கடைசியில் நான் வாங்கியது ஒரு ஜிம்னி. ஜேபி43 என்று குறிக்கப்படும் 1.3 லீற்றர் பெற்றோல் வாகனம். உள்ளூரில் புதிதாக வாங்கிய ஒரே உரிமையாளர், தன் பெயரிலேயே புத்தகம், பண்டாரவளையின் உலர்ந்த குளிரில் கூரைக்குக் கீழ் நின்ற வாழ்க்கை, தார்ப்பூச்சு எதுவும் இல்லாத சுத்தமான அடிச்சட்டம். ஏறத்தாழ 1.6 மீற்றர் அகலமும் ஏறத்தாழ ஒரு தொன் எடையும் கொண்ட அந்தச் சிறிய வாகனத்தில், பெரிய ஜீப்புகளில் உள்ளதுபோலவே தனி அடிச்சட்டமும், முன்னும் பின்னும் முழு இரும்பு அச்சும், குறைந்த வேகக் கியரும் உண்டு. அம்மாவுக்குப் பின் இருக்கையில் ஏறுவது சிரமம் என்பதால் அவருக்கு எப்போதும் முன் இருக்கைதான். பொருட்களுக்கு இடம் போதாது, நெடுஞ்சாலையில் மெதுவாகத்தான் போக வேண்டும். இவற்றை அறிந்தே எடுத்தோம். ஒடுக்கமான மலைப்பாதையில் எதிரே பேருந்து வரும்போது ஒதுங்குவதற்கு அந்த அகலம் கொடுக்கும் நிம்மதியை, வேறு எந்த வசதிக்காகவும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

அதில் இருந்த குறைகளும் இந்த வகை வாகனத்துக்கு நன்கு தெரிந்தவையே. அறுபது, எழுபது கிலோமீற்றர் வேகத்தில் பள்ளமொன்றில் விழுந்தால் ஸ்டியரிங் நடுங்கியது. முன்னச்சின் இரு முனைகளிலும் உள்ள கிங்பின் பெயாரிங்குகள் தேய்ந்ததன் விளைவு அது. முன்சில்லுகளை அச்சோடு பிணைக்கும் ஹப்களைப் பூட்டும் வெற்றிடக் குழாய்களில் ஒன்று வெடித்திருந்ததால், பொத்தானை அழுத்தியும் முன்சில்லுகளுக்கு வலு போகவில்லை. இரண்டையும் வாங்குவதற்கு முன்பே கண்டறிந்து விலையில் கழித்துக்கொண்டோம். உரிமை மாற்றத்தை உடனேயே முடித்தபின் வாகனம் தெமட்டகொடைக்குப் போனது. எஞ்சின், கியர்ப்பெட்டி, ட்ரான்ஸ்ஃபர் பெட்டி, இரு டிஃபரென்ஷியல்கள் ஆகிய எல்லாவற்றிலும் ஒயில் மாற்றப்பட்டது. பெயாரிங்குகளும் அவற்றின் சீல்களும் புதியனவாகவே வாங்கப்பட்டன, ஏனெனில் பழைய பாகங்களுக்குப் பஞ்சிகாவத்தை எவ்வளவு உதவினாலும் பெயாரிங்கையும் பிரேக்கையும் பழையதாக வாங்கக்கூடாது என்பதில் கராஜ்காரர் உறுதியாக இருந்தார். மணலுக்காக ரயரின் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் மீண்டும் நிரப்பிக்கொள்ளச் சிறிய கொம்பிரசர் ஒன்றும், இழுக்கும் பட்டி ஒன்றும், அதை மாட்டுவதற்கு அடிச்சட்டத்திலேயே பூட்டப்பட்ட உறுதியான கொளுக்கிகள் இரண்டும் சேர்க்கப்பட்டன. மேற்கொண்டு எதையும் பூட்டுவதாக இல்லை. தென்மேல் பருவமழை மலைநாட்டில் தொடங்குமுன் மீமுரேக்கும், வடகீழ் மழை ஓய்ந்து நிலம் இறுகியபின் மன்னாரின் கட்டுக்கரைக்குளப் பக்கமும் போவதாகத் திட்டமிட்டிருக்கிறோம். சூறாவளிக்குப் பின் மலைப்பாதைகள் பல இடங்களில் சரிந்து கிடந்ததால், புறப்படுமுன் ஹுன்னஸ்கிரியவில் விசாரித்துக்கொண்டுதான் உள்ளே திரும்புவோம்.